லீன் கலவை (பெட்ரோல் சரக்கு வண்டி)

எரிவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் காற்றும், அதற்கு ஈடாகாத குறைந்த பெட்ரோலுமாக இன்ஜின் ஓடும் நிலை லீன் கலவை எனப்படும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. சிஎன்ஜிக்கு 17 கிலோவுக்குச் சற்று மேல். கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கோன் ஃபில்டரும் அகலக் குழாயும் மாட்டிய வண்டிகளில் இக்கோளாறு அதிகம்.

கடற்கரை ஊரான வேதாரண்யத்தில் கண்ணில் படும் லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இக்கட்டுரை பொருந்தாது. அகஸ்தியம்பள்ளிப் பகுதி உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகள் டீசலில் ஓடுபவை. டீசல் இன்ஜின் எந்நேரமும் காற்று மிகுதியில்தான் ஓடும். காற்று கூடினால் புகைப்போக்கியின் சூடு குறையும். காற்று குறைந்தால்தான் கரும்புகை. முல்லைப் பூவும் மீனும் காய்கறியும் ஏற்றும் சின்ன வண்டிகளில் பெட்ரோல், சிஎன்ஜி வகைகளுக்கே லீன் கலவைத் தொல்லை உண்டு.

வரலாறு

காற்றையும் பெட்ரோலையும் அளவோடு கலக்கும் கருவியை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக். 1893இல் அவர் செய்த கார்புரேட்டரில் பெட்ரோல் மெல்லிய துளை வழியே காற்றோட்டத்தில் பீச்சப்பட்டது. பின்னர் வந்த கார்புரேட்டர்கள் எல்லாம் இதன் வழித்தோன்றல்களே.

தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் கலவையைக் கையாலேயே பழகியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்களும் லாரிகளும் கரிவாயுவுக்கு மாறின. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்கார் இதற்கென 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்னும் சாதனத்தை உருவாக்கினார். வண்டியின் பின்புறத்தில் இரும்பு உலை, அதில் அடுப்புக்கரி. காற்றைக் குறைத்துக் கரியை எரிக்கும்போது கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து, தூசி வடித்து இன்ஜினுக்கு அனுப்புவார்கள். கிளீனர் ஊதுவிசிறிச் சக்கரத்தைச் சுற்றி உலையை மூட்டி, வாயு பற்றும் பதத்துக்கு வந்த பிறகே வண்டி நகரும். அவ்வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். எனவே இழுவை பெருமளவு விழுந்தது. மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது வாயுவோடு காற்றைக் கலக்கும் காற்று வால்வு. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், கரிவாயுவுக்குக் கன அளவில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றே போதும். உலையில் கரி தணியத் தணிய வாயுவின் வலு மாறும். கலவையும் நொடிக்கு நொடி மாறும். ஓட்டுநர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வால்வைத் திருகினார். காற்று கூடினால் இன்ஜின் திக்கும், பின்வெடி வெடிக்கும். உடனே வால்வைக் குறைப்பார். இன்று புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் செய்யும் வேலையை அன்று ஒரு மனிதக் காது செய்தது.

போருக்குப் பின் பெட்ரோல் லாரிகள் திரும்பின, ஆனால் நீடிக்கவில்லை. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா-மெர்சிடிஸ் டீசல் லாரி வந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் லாரி செய்யும் அசோக் லேலண்ட் ஆனது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது. ஆகவே பிளக்கின் நிறம் பார்த்துக் கலவை சொல்லும் கைத்திறன் லாரிப் பட்டறைகளை விட்டு மோட்டார்சைக்கிள் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கோளாறும் பழுதுநீக்கமும்

காற்றோட்ட சென்சார் உள்ள இன்ஜினில், சூடேறிய நுண்கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு காற்றின் எடை கணக்கிடப்படுகிறது. இக்கணக்கு சென்சார் உட்கார்ந்த குழாயின் விட்டத்துக்கு மட்டுமே சரி. 60 மி.மீ. குழாய்ச் சென்சாரை 70 மி.மீ. குழாயில் மாட்டினால் குறுக்குப் பரப்பு 36 சதவீதம் கூடும். உள்ளே போகும் காற்று அதிகம், கம்பி சொல்வதோ குறைவு. எண்ணெய் தோய்த்த பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் கம்பியில் படிந்து இதே பொய்யைச் சொல்லும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் இன்ஜின்கள் இவ்வளவு ஏமாறுவதில்லை. அவற்றில் காற்றுக் கசிவு ஐடில் வேகம் ஏறுவதாகத் தெரியும்.

ஐடில் ஏறி இறங்குதல், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திக்குதல், வெளுத்த பிளக், எரியும் செக் லைட் ஆகியவை அறிகுறிகள். இன்ஜின் கணினியான இசியு பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கும். இந்தத் திருத்தம் 25 சதவீதத்தை நெருங்கினால் பல வண்டிகளில் லீன் கலவையைக் குறிக்கும் பி0171 குறியீடு பதிவாகும். பாரத்தோடு இப்படியே ஓட்டினால் வால்வு கருகலாம், பிஸ்டன் ஓட்டையாகலாம்.

ஸ்கேனரில் அந்தத் திருத்தத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஐடிலில் அதிகமாகவும் 2,500 சுற்றில் சரியாகவும் இருந்தால் சென்சாருக்குப் பின்னே எங்கோ கசிவு. புதுக் குழாய் மாட்டும்போது அடைக்காமல் விட்ட பிரீதர் ஹோஸ், தளர்ந்த ரப்பர் இணைப்பு, துருப்பிடித்த கிளாம்ப் ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கடற்கரை உப்புக்காற்றில் மலிவான கிளாம்ப் தாங்காது. கனெக்டர் பின்னிலும் பச்சைக் களிம்பு படியும். புகை செலுத்திப் பார்த்தால் கசிவு அகப்படும். மாறாக, பாரம் ஏற ஏறத் திருத்தம் கூடினால் சென்சார் அழுக்கு, குழாய் விட்டம், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், தளர்ந்த பம்ப் என்ற வரிசையில் தேட வேண்டும். நுண்கம்பியை அதற்கென்றுள்ள ஸ்பிரேயால் மட்டுமே கழுவலாம், துணி படக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டுவது. சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள சின்ன வண்டியில் திறந்த ஃபில்டர் இன்ஜினின் சூட்டையே உறிஞ்சுகிறது. பவர் கூடியதாகத் தோன்றுவது பெரும்பாலும் உறுமல் கூடியதால்தான்.

தற்போதைய நிலை

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய அளவிலேயே ஓடும் இன்ஜினில் கலவை மேலும் லீன் ஆகும். ஃபில்டர், குழாய் மாற்றத்தோடு நில்லாமல், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.