கடைசி அட்டையில் ஒரு வரி

2017 ஒக்டோபர் முடிவிலிருந்து சில அமெரிக்கக் கடவுச்சீட்டுகளின் பின்னட்டை உட்பக்கத்தில் ஒரு வரி அச்சாகி வருகிறது. இதை வைத்திருப்பவர் பராயமடையாத ஒருவருக்கு எதிரான பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், இன்ன சட்டப் பிரிவின் கீழ் வருபவர் என்பது அதன் சாரம். போன செமஸ்டர் ஒரு விரிவுரையில் இது போகிற போக்கில் சொல்லப்பட்டது. விரிவுரை முடிந்த பிறகும் எங்களுக்கு அந்த வரி முடியவில்லை. கன்ரீனில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று கத்தினோம்.

"பின்னட்டையில என்னத்துக்கு, நெத்தியில குத்தி விடோணும்" எண்டாள் ஒருத்தி. அவள் நீர்கொழும்புக்காரி. "ஆளைப் பதிஞ்சு, துண்டு குடுத்து, போற வாற இடமெல்லாம் அந்தத் துண்டைக் காட்டச் சொன்ன கதை எங்களுக்குத் தெரியாதா?" எண்டான் மற்றவன். அவனுடைய அம்மா வவுனியாவில் எடுத்த பாஸ் இன்னும் வீட்டு றங்குப் பெட்டிக்குள்ள கிடக்குது.

இந்தக் கட்டுரை அந்தச் சண்டையிலிருந்து வந்தது. இரண்டு பேருமே சரியாகச் சொல்லுகிறார்கள் என்பதுதான் இதில் உள்ள கரைச்சல்.

தண்டனை முடிந்து வெளியே வந்தவரின் பயணப் பத்திரத்திலேயே அவருடைய குற்றத்தை எழுதி விடுவது புதுசில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரான்சில் சொந்த நாட்டுக்குள் ஊர் விட்டு ஊர் போகவே பாஸ்போட் வேண்டும். 1810ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை, கடூழியச் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பொலிஸ் கண்காணிப்பின் கீழ் வைத்தது. விக்டர் ஹியூகோவின் 'லே மிசரபிள்' நாவலில் ழான் வல்ழான் மஞ்சள் பாஸ்போட்டோடு ஒரு ஊருக்குள் வருகிறான். கையில் காசு இருக்கிறது, ஆனாலும் சாப்பாடும் படுக்கையும் கொடுக்க ஒரு சத்திரக்காரரும் இல்லை. சுத்தானந்த பாரதி அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார், 1950இல் படமாகவும் வந்தது. அதில் விடாமல் துரத்துகிற பொலிஸ்காரனாக நடித்த சீதாராமனுக்குக் கடைசி வரைக்கும் ஜாவர் சீதாராமன் என்றே பெயர். தண்டனை முடித்தவனின் பெயர் ஒருவருக்கும் ஒட்டவில்லை, துரத்தினவனின் பெயர்தான் ஒட்டியது. அது வேறு கதை.

தமிழ்நாட்டில் இதைவிட மோசமானது நடந்தது. 1871இல் வட இந்தியாவில் பிரித்தானியர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. மதுரைப் பக்கத்துச் சனம் அதை ரேகைச் சட்டம் என்றார்கள், கைரேகையில் தொடங்குவதால். ரேகை பதிந்த ஆம்பிளைகள் இரவில் பொலிஸ் சொன்ன இடத்தில் போய் ஆஜராக வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு எடுக்க வேண்டும். ராதாரி என்பது வழிப்பயணத்துக்கான அனுமதியைக் குறிக்கும் பாரசீகச் சொல். சொந்த மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்வரவும் சீட்டு. 1920 ஏப்ரல் 3ஆம் திகதி பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மீது பொலிஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். இந்தச் சட்டம் இந்தியா முழுவதும் நீங்க 1952 ஓகஸ்ட் 31 ஆனது.

எல்லை தாண்டும் கடவுச்சீட்டில் குறி போட்ட கதைகளில் எல்லோருக்கும் தெரிந்தது சிவப்பு 'ஜே' எழுத்து. 1938 ஒக்டோபர் 5இல் நாஜி ஜேர்மனி யூதர்களின் கடவுச்சீட்டுகளைச் செல்லாதவை ஆக்கியது. அந்த எழுத்தைக் குத்தினால்தான் அவை திரும்பச் செல்லும். இதில் பலர் கவனிக்காத ஒரு விசயம் இருக்கிறது. அந்தக் குறி வந்ததற்கு சுவிற்சர்லாந்தின் நெருக்குதலும் ஒரு காரணம். வருகிற ஜேர்மனியர்களில் யார் சாதாரணப் பயணி, யார் தப்பி ஓடி வரும் யூதர் என்று எல்லையில் பிரித்தறிய சுவிஸ் அதிகாரிகளுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. கடவுச்சீட்டில் போடுகிற குறி அடுத்த நாட்டு அதிகாரிக்கு எழுதும் கடிதம். அந்தக் கடிதத்தை, தன்னைப் பற்றிய கோளைத் தானே காவிக்கொண்டு போகிற மாதிரி, அந்த ஆளே காவிக்கொண்டு போக வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து அமெரிக்கச் சட்டத்தை நாஜிச் சட்டம் என்று எழுதுவது லேசு. அப்படி எழுதியவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. 'ஜே' எழுத்தும் ரேகையும் பிறப்பைப் பதிந்தன. கள்ளர் வீட்டில் பிறந்தது, யூதத் தாய்க்குப் பிறந்தது, அவ்வளவுதான் குற்றம். அமெரிக்காவின் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு செயலைப் பதிகிறது, அந்தச் செயலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறது. இதற்குக் கிட்டிய சொந்தம் ழான் வல்ழானின் மஞ்சள் பாஸ்போட்தான். அவன் திருடியது பாண் என்பதால் எங்களுக்கு அவனில் இரக்கம் வருகிறது. குற்றம் வேறாக இருந்திருந்தால் நாவலை மூடியிருப்போமா என்று கன்ரீனில் யாரோ கேட்டார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இனிப் பதிவேட்டுக்கு வருவோம். பாலியல் குற்றவாளிகளுக்கு மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டைக் கலிபோர்னியா 1947இலேயே தொடங்கிவிட்டது. அது பொலிசுக்கு மட்டுமான ஏடு. 1994இல் நியூ ஜேர்சியில் மேகன் என்ற ஏழு வயதுச் சிறுமி, எதிர் வீட்டில் குடியிருந்த ஒருவனால் கொல்லப்பட்டாள். அவன் முன்பும் சிறுமிகளிடம் குற்றம் செய்து தண்டிக்கப்பட்டவன், அயலில் இருந்த பெற்றோருக்கு அது தெரியாது. 1996இல் வந்த மேகன் சட்டம் ஏட்டைச் சனத்துக்குத் திறந்தது. 2006இல் இன்னொரு சட்டம் மாநிலங்களுக்கெல்லாம் பொதுவான அளவுகோல் வைத்தது. அண்டை வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும் என்றால், விமானம் ஏறிப் போகிற ஊர்க்காரருக்குத் தெரிய வேண்டாமா? அடுத்த கேள்வி தானாகவே வந்தது.

அந்த ஊர்களில் ஒன்று எங்களுடையது. 1980களிலும் 90களிலும் நீர்கொழும்பு, ஹிக்கடுவ என்று மேற்கு, தெற்குக் கரைகள் வெள்ளைக்கார ஆண்கள் பிள்ளைகளைத் தேடி வருகிற இடம் என்று வெளிநாட்டில் பேர் எடுத்திருந்தன. இங்கே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பெடியங்கள். வெயில் சாய்ந்த பிறகு ஆம்பிளைப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு விடாத காலம் ஒன்று இருந்தது என்று எங்கள் நீர்கொழும்புக்காரியின் அம்மம்மா சொல்லுவாராம். 1990இல் தாய்லாந்தில் தொடங்கி பிறகு எக்பாட் என்று அறியப்பட்ட இயக்கம், முதலில் கவனம் வைத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஜேர்மனி 1993இலும் அவுஸ்திரேலியா 1994இலும் தங்கள் குடிமக்கள் வெளிநாட்டில் பிள்ளைகளுக்குச் செய்யும் குற்றத்தைத் தங்கள் நாட்டிலேயே விசாரிக்கச் சட்டம் போட்டன. இலங்கை 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திச் சிறுவர் மீதான பாலியல் சுரண்டலைத் தனிக்குற்றம் ஆக்கியது. பெண்பிள்ளைகளின் சம்மத வயது அதுவரைக்கும் 12 ஆக இருந்தது என்பதை வாசித்தபோது எங்களில் பலர் நம்பவில்லை. அந்தத் திருத்தம்தான் அதை 16 ஆக்கியது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது.

இவையெல்லாம் குற்றம் நடந்த பிறகு பிடிக்கும் சட்டங்கள். ஆள் வரும் முன்னமே மறிக்க முடியுமா என்பதற்கு உலகம் பார்த்த பெரிய நாடகம் 2008இல் நடந்தது. கரி கிளிற்றர் என்ற பழைய பிரித்தானியப் பாடகர் 1999இல் சிறுவர் ஆபாசப் படங்களுக்காகத் தன் நாட்டில் சிறை போனவர். பிறகு கம்போடியா போனார், 2002இல் அங்கிருந்து அனுப்பப்பட்டார். வியட்நாம் போனார், அங்கே இரண்டு சிறுமிகளுக்குச் செய்த கொடுமைக்காக 2006இல் மூன்று வருடத் தண்டனை கிடைத்தது. 2008 ஓகஸ்டில் விடுதலையாகி விமானத்தில் ஏற்றப்பட்டவர், பாங்கொக்கில் இறங்கி லண்டன் விமானத்தில் ஏற மாட்டேன் என்றார். தாய்லாந்து உள்ளே விடவில்லை. ஹொங்கொங் போனார், அதுவும் விடவில்லை. திரும்பப் பாங்கொக், கடைசியில் லண்டன். அவருடைய கடவுச்சீட்டில் ஒரு குறியும் இருக்கவில்லை. முகமே குறி. பேர் தெரியாத ஒருவர் என்றால் எந்த விமான நிலையத்திலும் முத்திரை குத்தி உள்ளே விட்டிருப்பார்கள். அடுத்த வருடமே பிரித்தானியா தன் பயணத்தடை உத்தரவின் உச்சக் காலத்தை ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடமாக்கி, எல்லா நாடுகளுக்கும் தடை என்றால் கடவுச்சீட்டையே ஒப்படைக்க வேண்டும் என்றும் சேர்த்தது.

அமெரிக்காவில் 2008 நிதியாண்டில் வழங்கப்பட்ட ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் கடவுச்சீட்டுகளில் 4,500 அளவில் பதிவேட்டில் இருந்தவர்களுக்குப் போயிருந்ததாக அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2010இல் அறிக்கை வைத்தது. அதில் சட்டமீறல் ஒன்றும் இல்லை, அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கவில்லை. நியூ ஜேர்சியின் காங்கிரஸ் உறுப்பினர் கிறிஸ் ஸ்மித் 2008 முதல் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த சட்டமூலம் கடைசியில் சர்வதேச மேகன் சட்டமாகியது. ஒபாமா 2016 பெப்ரவரி 8இல் கையொப்பம் வைத்தார்.

அதற்குள் இரண்டு வேறு சட்டங்கள் இருக்கின்றன என்பது எங்கள் வாசிப்பு. முதலாவது, சேதி. பதிவேட்டில் இருப்பவர் வெளிநாட்டுப் பயண விபரத்தை 21 நாட்களுக்கு முன் சொல்ல வேண்டும், எந்த விமானம், எங்கே தங்கல், எப்போது திரும்பல். சொல்லாவிட்டால் 10 வருடம் வரைக்கும் சிறை. 'ஏஞ்சல் வோச்' என்ற நிலையம் பயணிகள் பட்டியலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, போகிற நாட்டுக்கு அறிவிக்கும். விடுவதா விடாததா என்பது அந்த நாட்டின் முடிவு. இரண்டாவது, குறி. கடவுச்சீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் அடையாளம் இருக்க வேண்டும் என்றது சட்டம். வெளியுறவுத் திணைக்களம் தேர்ந்த இடம் பின்னட்டையின் உட்பக்கம். அட்டை வடிவிலான சின்னக் கடவுச்சீட்டில் வரி எழுத இடமில்லை என்பதால், அவர்களுக்கு அது கிடையாது. கலிபோர்னியாவில் சிலர் வழக்குப் போட்டார்கள், 2016 செப்டெம்பரில் அது தள்ளுபடியானது.

அவுஸ்திரேலியா 2017இல் இன்னும் ஒருபடி போனது. சிறுவர் பாலியல் குற்றத்துக்காகப் பதிவேட்டில் இருந்து, அறிக்கையிடும் கடப்பாடு உள்ளவருக்குக் கடவுச்சீட்டே இல்லை, அனுமதி பெறாமல் நாட்டை விட்டுப் போவதும் குற்றம். அப்போது பதிவில் 20,000 பேரளவில் இருந்தார்கள். 2016இல் 800க்குக் கிட்ட வெளிநாடு போனார்கள், அதில் அரைவாசிப் பேர் சொல்லாமல் போனவர்கள் என்று வெளிவிவகார அமைச்சர் ஜூலி பிஷப் காரணம் சொன்னார். அந்த அரைவாசியை வாசித்த பிறகு, "பாவம், குடும்பத்தைப் பார்க்கப் போக ஏலாதே" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லிவிட்டுப் போன மற்ற அரைவாசியும் இருக்கிறது.

சேதி நல்லது, குறி கூடாது என்று எங்களில் பெரும்பான்மை முடிவுக்கு வந்தோம். சேதி ஒரு மேசைக்குப் போகிறது. அதில் திகதி, விலாசம், குற்றம் என்ன, எத்தனை வருடத்துக்கு முன் என்று எழுத இடம் இருக்கிறது. குறியில் இது ஒன்றும் இல்லை. நேற்று விடுதலையானவருக்கும், பதின்வயதில் செய்த ஒன்றுக்காகப் பதிவேட்டில் ஏறி நாற்பது தாண்டியவருக்கும் அதே வரி. வளர்ந்த பெண்களை வல்லுறவு செய்து தண்டிக்கப்பட்டவருக்கு வரி இல்லை. அதைப் பார்ப்பது குடிவரவு அதிகாரி மட்டுமல்ல, ஹோட்டலில் பாஸ்போட்டைக் கொப்பி எடுக்கிற பெடியனும் வங்கியில் கணக்குத் திறக்கிறவரும்தான். மஞ்சள் பாஸ்போட்டைச் சத்திரக்காரர் வாசித்த அதே கதை.

நீர்கொழும்புக்காரி இதற்கு மசியவில்லை. "ஈமெயில் வாசிக்காமக் கிடக்கும். பாஸ்போட்டைத் திறக்காம ஆளை விடேலாது" எண்டாள். கட்டுநாயக்கவில் வரிசை நீளும்போது ஒரு அதிகாரிக்கு ஒரு பயணியோடு எத்தனை நிமிசம் கிடைக்கும்? ஆளை மறிக்கும் அதிகாரம் 1948ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்திலேயே அவருக்கு இருக்கு, தேவையான சேதி சரியான நேரத்தில் அவருக்கு முன்னால் இருக்கவேணும். நாங்கள் பதிலுக்குச் சொன்னது, அவர் திறக்கிறது படம் உள்ள பக்கத்தை, பின்னட்டையை இல்லை என்று. அது கெட்டித்தனமான பதில், நல்ல பதில் இல்லை என்று எங்களுக்கே தெரியும்.

அவளே பிறகு இன்னொன்று சொன்னாள். அந்தக் காலத்தில் வந்தவர்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தவர்களும் அறை கொடுத்தவர்களும் அந்த ஊர்க்காரர்தான், அவர்களின் பாஸ்போட்டில் யார் எழுதுவது? பிள்ளைக்குக் கொடுமை செய்கிறவர் பெரும்பாலும் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர். அவர் கட்டுநாயக்கவால் வருவதில்லை.

கட்டுரைக்குப் போடலாம் என்று அந்த வவுனியா பாஸைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நண்பனிடம் கேட்டோம். அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். "கண்ட கண்ட ஆக்களின்ர கதையோட என்ர பாஸையும் ஏன் சேர்க்கிறியள்? அதில நான் ஒரு பிழை செய்தனான் எண்டு எங்கயாவது எழுதியிருக்கோ?" எண்டு கேட்டாவாம். அதனால் இந்தக் கட்டுரைக்குப் படம் இல்லை.