சொல் இல்லை என்னும் கூற்று: 'ஃபயர்' திரைப்படமும் உறவுப்பெயர்களும்

தீபா மேத்தா 1996இல் இயக்கிய 'ஃபயர்' ஆங்கிலத்தில் எடுக்கப்பெற்ற படமாகும். கதை நிகழ்வதோ தில்லியில் வாழும் கூட்டுக்குடும்பம் ஒன்றில். அண்ணன் மனைவி இராதாவும் தம்பி மனைவி சீதாவும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். தம் நிலையைக் குறிக்கத் தம் மொழியில் சொல்லே இல்லை எனச் சீதா ஓரிடத்தில் வருந்துகிறாள். அவள் அவ்வாறு வருந்துவது ஆங்கிலத்தில் என்பது மொழியியலார் கருத்திற் கொள்ளத்தக்கது.

இந்தியில் அவ்விருவரையும் குறிக்கச் சொற்கள் உள. மூத்தவள் ஜேட்டானி, இளையவள் தேவ்ரானி. இரண்டும் கணவனின் உடன்பிறந்தாரைக் குறிக்கும் பெயர்களிலிருந்து பிறந்தவை. ஆண்களின் மூப்பே பெண்களின் படிநிலையாகிறது. தமிழில் ஓரகத்தி என்னும் ஒரு சொல்லே இருவர்க்கும் பொது. படிநிலை வேண்டுமாயின் மூத்த, இளைய என அடைகொடுத்தல் வேண்டும். இப்படத்தைத் தமிழாக்குவோர்க்கு இஃது இழப்பே என்பர். எனினும், ஓர் அகத்தினர் என்னும் பொருள் தோன்ற நிற்கும் இச்சொல் கதைக்கு இன்னும் அணுக்கமானது என்பதே என் கருத்து.

இந்தி வடிவத்தில் சீதா 'நீதா' ஆனாள். தணிக்கை வாரியம் காட்சி எதனையும் நீக்கவில்லை. பெயரையே மாற்றச் செய்தது. 1987-88இல் தூர்தர்சனில் ஒளிபரப்பான 'இராமாயணம்' வீடுதோறும் நிலைநாட்டிய பெயர் அது. பெயரை மாற்றியும் பயனில்லை. 1998 டிசம்பரில் மும்பையிலும் தில்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. பண்பாட்டு மரபுக்கு இழுக்கு என்றனர் சிவசேனையினர். படம் மீண்டும் வாரியத்திற்கு அனுப்பப்பெற்று, 1999 பிப்ரவரியில் வெட்டின்றித் திரையிடப்பட்டது.

மரபில் இதற்குச் சொல் இல்லையா? தாக்கியோர், சீதா ஆகிய இரு சாராரும் இல்லை என்றே கொண்டனர். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இலக்னோவில் தழைத்த ரேக்தி என்னும் உருதுக் கவிதை வகை வேறு கூறுகிறது. பெண்குரலில் ஆடவர் இயற்றியவை ஆதலின் அவற்றைப் பெண்களின் நேர்ச்சான்றாகக் கொள்ளல் ஆகாது. சொல்வழக்கிற்குச் சான்றாகக் கொள்ளத் தடையில்லை. அவ்வகையில் பெரும்பெயர் பெற்ற இரங்கீன், தம் தொகுப்பிற்குப் பெண்டிர் வழக்குச் சொற்பட்டியல் ஒன்றையும் சேர்த்தார். தோகானா, ஜனாக்கி என்பன பெண்கள் தம் நெருங்கிய துணைவியரை அழைத்த பெயர்கள். ஒன்றினுள் இரண்டாக அமைந்த பருப்பைப் பகிர்ந்துண்ணும் வழக்கத்தோடு தோகானா தொடர்புடையது. பிற்காலச் சீர்திருத்தத் திறனாய்வாளர் ரேக்தியை ஆபாசமென ஒதுக்கவே, சொற்களும் உடன் மறைந்தன.

படத்திற்குத் தூண்டுகோலாகக் கூறப்பெறும் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' (1942) அவ்வழக்கு மறைந்தபின் எழுந்த உருதுக் கதை. அதில் உறவு பெயர் பெறவேயில்லை. போர்வையின் அசைவே பேசுகிறது. ஆபாசச் சொல் ஒன்றையேனும் சுட்டிக்காட்ட இயலாமையால் இலாகூரில் தொடரப்பெற்ற வழக்கு நிலைக்கவில்லை.

தோகானாவைத் தமிழில் தோழி என்றல் பொருந்தாது. அகமரபில் தோழி தலைவனோடு தலைவியைச் சேர்த்துவைப்பவள். உருதுச் சொல்லையே ஆண்டு, அடிக்குறிப்பில் பருப்பின் கதையைச் சொல்லிவிடுவதே தக்கது.