இணைப்பு வேளையும் எச்சரிக்கைக் குரலும்

நாம் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பி. ஜி.சி.சி. என்னும் தொகுப்பி முன்னாளில் பெரும்பாலும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே செப்பனிட்டது. 2010இல் வந்த 4.5 பதிப்பு, இணைக்கும் வேளையில் எல்லாக் கோப்புகளையும் ஒருசேர நோக்கிச் சீர்செய்யும் முறையைக் கொணர்ந்தது. ஒரே பெயரை ஒரு கோப்பு முழு எண் என்றும், மற்றொன்று தசம எண் என்றும் அறிவித்திருந்தால், அம்முரண்பாடும் வெளிப்படலாயிற்று.

ஆனால் வேலை ஓரிடத்தில் குவிந்தது. நேரமும் நினைவகமும் மிகுதியாகத் தேவைப்பட்டன. 2011இல் 4.6 பதிப்பு அவ்வேலையைப் பங்கிட்டு, ஒரே வேளையில் நடத்த வழி செய்தது. எனினும் எண்ணிக்கையை நாம் குறிப்பிடாவிடில், பங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தன. காலம் வீணாவது எளிதில் தெரியவில்லை. 2020இல் வந்த 10ஆம் பதிப்பு அதனை எச்சரிக்கையாக அறிவித்தது.

எச்சரிக்கை பிழையன்று, நிரல் சரியாகவே உருவாகும். ஆயினும் அதனை மறைத்துவிடாமல், நினைவகத்துக்கு ஏற்ற எண்ணிக்கையை நாம் குறிப்பிடுவதே முறை.