டோப்ளரோன்: முக்கோணச் சாக்லேட்டும் அதன் முத்திரைகளும்

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்களின் பெட்டிகளில் பேரீச்சம்பழம், அத்தர் ஆகியவற்றோடு நீண்ட முக்கோண அட்டைப் பெட்டி ஒன்றும் அநேகமாக இருக்கும். மேனாம்பேடு, அம்பத்தூர், ஆவடி என நம் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்த டோப்ளரோன் நன்கு பழக்கம். பெரியவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இது ஹலாலா?" விடையைப் பார்க்கும் முன், அதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பிறப்பும் பெயரும்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1868-ல் ஜீன் டோப்ளர் என்பவர் மிட்டாய்க் கடை தொடங்கினார். 1899-ல் அது சாக்லேட் ஆலையாக வளர்ந்தது. அவருடைய மகன் தியோடர் டோப்ளர், உறவினர் எமில் பௌமானுடன் சேர்ந்து 1908-ல் பால் சாக்லேட்டில் தேனும் பாதாமும் கலந்த இந்தப் பண்டத்தை உருவாக்கினார். தேனும் பாதாமும் சேர்த்துச் செய்யும் இத்தாலிய இனிப்பின் பெயர் 'தொர்ரோனே'. டோப்ளரும் தொர்ரோனேயும் இணைந்து 'டோப்ளரோன்' ஆனது. 1909-ல் அந்தப் பெயர் வணிகச் சின்னமாகப் பதிவானது.

முக்கோண வடிவம் மேட்டர்ஹார்ன் மலையைப் பார்த்து வந்தது என்பது பரவலான நம்பிக்கை. பாரிஸ் நடனக் குழுவினர் அமைத்த மனிதக் கோபுரத்திலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. உறையிலிருந்த மலைப் படத்துக்குள் பெர்ன் நகரின் சின்னமான கரடி ஒளிந்திருந்தது.

பல கைகள் மாறி, இன்று இது மொண்டலீஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் உடைமை. 2016-ல் பிரிட்டனில் 170 கிராம் பெட்டியை 150 கிராமாகக் குறைத்து, முக்கோணங்களுக்கு இடையே இடைவெளியை அகலப்படுத்தினார்கள். மக்கள் கொதித்தெழ, 2018-ல் பழைய வடிவம் திரும்பியது.

ஹலால் சான்றும் சர்ச்சையும்

2018 ஏப்ரலில் பெர்ன் ஆலைக்கு ஹலால் சான்று கிடைத்தது. அதற்காகச் செய்முறையில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று நிறுவனம் தெரிவித்தது. ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில் செய்தி வெளியே வந்ததும், ஜெர்மனியின் ஏ.எஃப்.டி. என்ற வலதுசாரிக் கட்சியினர் 'இஸ்லாமியமயமாக்கல்' என்று கூச்சலிட்டார்கள். புறக்கணிப்புக் குரல்களும் எழுந்தன. அதே பாலும் தேனும் பாதாமும்தான். புதிதாக வந்தது ஒரு சான்றிதழ் மட்டுமே.

நம் நாட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. டோப்ளரோனில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்கிறது. முட்டை கலந்த உணவுக்கு அசைவக் குறியிட வேண்டும் என்பது இந்திய விதி. எனவே அந்தக் குறியைக் கண்டதும் இறைச்சிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அதேபோல், பச்சைக் குறி இருந்தாலே ஹலால் என்றும் ஆகிவிடாது. அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது. மதுசாரம் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மலை மறைந்த கதை

2017-ல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் சட்டப்படி, பால் பொருள்களுக்குச் சுவிஸ் அடையாளம் சூட்ட வேண்டுமானால் பால் முழுவதும் அந்நாட்டுடையதாக இருக்க வேண்டும். முக்கியமான தயாரிப்பு வேலையும் அங்கேயே நடக்க வேண்டும். உற்பத்தியில் ஒரு பகுதியை ஸ்லோவாகியாவுக்கு மாற்ற நிறுவனம் முடிவு செய்ததும், 2023-ல் உறையிலிருந்து மேட்டர்ஹார்ன் விடைபெற்றது. பொதுவான ஒரு மலைப் படம் அந்த இடத்துக்கு வந்தது.

நம் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் செய்த மிட்டாய்க்கு அந்த ஊர்ப் பெயரைச் சூட்ட முடியாது. ஊர்ப் பெயர் என்பது வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு.

ஆகவே பழகிய பெயர், பழகிய வடிவம் என்று மட்டும் நம்பிவிடாமல், எந்த ஆலையில் தயாரானது, என்னென்ன சேர்ந்திருக்கிறது, ஹலால் முத்திரை இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பெட்டியிலும் பார்த்து வாங்குவோம். உள்ளே மதுபானம் நிரப்பிய சாக்லேட்டுகளும் வெளிநாட்டுக் கடைகளில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் என்பதால், பரிசாக வாங்கி வருபவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் அவசியம்.