தோம்பும் கையொப்பமும்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஞானஸ்நானம் பெற்றோர்க்கே உத்தியோகம் அளித்தனர். திருச்சபையிற் பதியாத விவாகத்தாற் பிறந்த பிள்ளைகட்கு முதுசொம் சேர்தலும் ஐயமாயிற்று. ஆதலின் சைவர் பலர் தோம்பிற் பெயர் பதிந்து, இல்லத்தில் மறைவாகச் சிவனை வழிபட்டனர். 1795இல் அவ்வாட்சி ஒழிந்ததும் அவர்தம் வழியினர் வெளிப்படையாகத் திருநீறணிந்தனர். தோம்பு கொண்டது பெயரையே, உள்ளத்தையன்று.

பதிவு வேறு, பற்று வேறு என்னும் இவ்வுண்மை பிற்காலத்தில் மருத்துவமனையிலும் ஆராயப்பட்டது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையார் 1945இல் இரத்தமேற்றலை மதவிரோதமென விலக்கினர். அதனை ஏற்று மனம் வருந்தாதாரைச் சபைநீக்கஞ் செய்யும் விதி 1961இல் எழுந்தது. இரத்தம் வேண்டாவென்னும் பத்திரத்தை அங்கத்தினர் கையோடு கொண்டு செல்வர்.

1992இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நிகழ்ந்தது. விபத்துக்குள்ளான கர்ப்பிணி ஒருத்தி, தான் அச்சபையிற் சேராதவளாயினும், அச்சபையினளாகிய தாயோடு தனித்திருந்தபின் இரத்தத்தை மறுத்துக் கையொப்பமிட்டாள். பின்னர் அவள் உயிருக்கு ஆபத்து நேர்ந்தது. தாயின் செல்வாக்கு அவள் சித்தத்தை அடக்கியதெனக் கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், அம்மறுப்புச் செல்லாதெனவும் இரத்தமேற்றியது முறையெனவும் தீர்த்தது. தெளிந்த மனத்தோடு தானே மறுப்பவரின் சொல், உயிரிழப்புக்கு ஏதுவாயினும், மதிக்கப்படல் வேண்டுமென்பதையும் அம்மன்றம் வலியுறுத்திற்று.

ஆகவே, கையொப்பத்தைக் காண்போர் அதனை இடுவித்தது யாதென்பதையும் காணல் வேண்டும். ஒல்லாந்தர் தோம்பைப் புரட்டும் சரித்திர மாணாக்கர்க்கும் இவ்விதியே பொருந்தும்.