லிங்கன் பூங்கா விலங்குக் காட்சிச்சாலை

லிங்கன் பூங்கா விலங்குக் காட்சிச்சாலை ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்திலுள்ள சிகாகோ நகரில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிய லிங்கன் பூங்காவில் அமைந்துள்ளது. 1868 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இது, அந்நாட்டின் மிகப் பழைய விலங்குக் காட்சிச்சாலைகளுள் ஒன்றாகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 35 ஏக்கர். ஆண்டின் எல்லா நாட்களிலும் நுழைவுக் கட்டணம் இன்றி இதனைப் பார்வையிடலாம்.

வரலாறு

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவிலிருந்து அன்பளிப்பாகப் பெறப்பட்ட இரண்டு இணை அன்னங்களுடன் இக்காட்சிச்சாலை தொடங்கியது. 1874 இல் ஒரு கரடிக்குட்டி 10 டாலருக்கு வாங்கப்பட்டது. சிங்கங்களுக்கான செங்கற் கட்டடம் 1912 இல் திறக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்டு 2021 இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1930 இல் இங்கு வந்த புஷ்மன் என்னும் கொரில்லா பெரும் புகழ் பெற்றது. 1951 சனவரி 1 அன்று இறந்த அதன் உடல் பதப்படுத்தப்பட்டு, அந்நகரின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. நகரச் சிறுவர்கள் பசு முதலிய வளர்ப்பு விலங்குகளை அருகிலிருந்து காண்பதற்காக 1964 இல் ஒரு பண்ணை சேர்க்கப்பட்டது.

நிருவாகம்

காட்சிச்சாலை சிகாகோ பூங்கா மாவட்டத்துக்கு உரியது. 1995 முதல் இலாப நோக்கற்ற லிங்கன் பூங்கா விலங்கியல் சங்கம் இதனை நிருவகித்து வருகின்றது. பொது நிதியுடன் நன்கொடை, உறுப்பினர் கட்டணம், விற்பனை வருவாய் ஆகியவற்றால் செலவுகள் ஈடுசெய்யப்படுகின்றன. வண்டி நிறுத்துவதற்குக் கட்டணம் உண்டு.

யானைகள் பற்றிய சர்ச்சை

2003 இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து மூன்று ஆப்பிரிக்கப் பெண் யானைகள் இங்கு கொண்டுவரப்பட்டன. டாடிமா 2004 அக்டோபரிலும், பீச்சசு 2005 சனவரியிலும் இறந்தன. எஞ்சிய வாங்கி, 2005 மே மாதத்தில் சால்ட் லேக் நகருக்கு மாற்றப்பட்ட உடனேயே இறந்தது. பீச்சசு 55 வயதைக் கடந்திருந்தது. மற்ற இரண்டிலும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரியின் தொற்றுக் காணப்பட்டது. சிகாகோவின் கடுங்குளிரும் இடநெருக்கடியுமே காரணம் என விலங்குரிமை அமைப்பினர் குற்றஞ்சாட்டினர். நிருவாகம் அதனை மறுத்தது. எனினும், அதன்பின் இங்கு யானைகள் வளர்க்கப்படவில்லை. நகரப் பூங்காவின் குறுகிய நிலத்தில் பேருயிர்களை வைத்திருப்பது தகுமா என்னும் விவாதத்தில் இந்நிகழ்வு தொடர்ந்து எடுத்துக்காட்டப்படுகின்றது.

காட்டுப் பறவைகள்

காட்சிச்சாலையின் தெற்கிலுள்ள குளம் 2010 இல் இயற்கை வாழிடமாகச் சீரமைக்கப்பட்டது. இலினொய் மாநிலத்தில் அரிதாகிவிட்ட வக்கா என்னும் இராக்கொக்குகள், கோடையில் காட்சிச்சாலை வளாகத்து மரங்களில் கூட்டமாகக் கூடுகட்டுகின்றன. இவை அடைத்து வளர்க்கப்படுபவை அல்ல. வலசை வந்து, குஞ்சு பொரித்தபின் தாமாகவே திரும்பிச் செல்கின்றன.