பேத்திக்கு ஒரு சரித்திரப் புத்தகம்

என் பேத்திக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் போவதில்லை. அடையாறில் என் மகள் வீட்டிலேயே படிக்கிறாள். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுதித் தேறிவிட்டாள். இப்போது பன்னிரண்டாவதற்கு எடுத்த ஐந்து பாடங்களில் ஒன்று சரித்திரம்.

பள்ளிக்கூடமானால் கொடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகலாம். வீட்டில் படிக்கும் குழந்தைக்கு நாம்தான் தேட வேண்டும். மாப்பிள்ளை கேம்பிரிட்ஜ் புத்தகம் வாங்கலாம் என்றார். உறவினர் ஒருவர், "பள்ளியில் மறைத்ததெல்லாம் இதில் இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். என் மனைவி, "சாமியைத் திட்டுகிற புத்தகமானால் வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். மகள் மட்டும், "எந்த மதத்துக்கும் சாயாத புத்தகமா வேணும்ப்பா. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றாள்.

முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக ஃபைலில் குறிப்பு எழுதியவன் நான். இதற்கும் ஒரு குறிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத என் பள்ளிக்கூடமே முன்னால் வந்து நின்றது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் அந்தப் படிப்பு நிற்கவில்லை. பிரான்சில் ஜூல் ஃபெரி காலத்தில், 1882-ல், அரசு ஆரம்பப் பள்ளிகளின் பாடத்திலிருந்து மதத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே எங்கள் சரித்திரப் புத்தகத்தில் சாமி கிடையாது. மகள் கேட்கிறாளே, மதத்துக்குச் சாயாத புத்தகம், அதுதான். ஆனால் அதில் காலியர்கள் எங்கள் மூதாதையர்! முத்தியால்பேட்டைப் பையன்கள் அதை நெட்டுருப் போட்டு ஒப்பித்தோம். சாமி உட்காரும் இடத்தில் பிரான்சு தேசம் உட்கார்ந்திருந்தது. துப்ளேக்ஸ் எங்களுக்குப் பெரிய வீரர்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில், இதோ நம் அடையாற்றங்கரையில், பாரதி என்ற பிரெஞ்சுத் தளபதி (பாட்டெழுதிய பாரதியில்லை, பெயர் பராதி என்று ஒலிக்கும்) சுமார் ஆயிரம் பேரோடு வந்து ஆற்காட்டு நவாபின் பெரும் படையைத் துரத்தினார். எங்கள் வகுப்பில் அது பெருமைக்குரிய பாடம். வேலை கிடைத்துச் சென்னை வந்தபின் அலுவலக நண்பர்களிடம் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் படித்தது கிளைவும் ஆற்காட்டு முற்றுகையும். ஒரே ஆறு, இரண்டு புத்தகம்.

பிறகு ஒரு நாள் கன்னிமாரா நூலகத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்தேன். துப்ளேக்ஸிடம் துபாஷாக இருந்தவர், நடந்ததை நடந்த அன்றே தமிழில் எழுதி வைத்தவர். 1748 செப்டம்பரில் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயிலை இடித்த செய்தி அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். நான் பிறந்த ஊர், நான் படித்த ஊர். என் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கோபம் வந்தது. சற்று ஆறியபின் இன்னொன்றும் புரிந்தது. பிள்ளையும் நடுவில் நின்றவர் அல்ல. துப்ளேக்ஸின் தயவில் பதவியில் இருந்தவர். துப்ளேக்ஸின் மனைவி மேலும் பாதிரிகள் மேலும் அவருக்கு மனக்கசப்பு உண்டு. அவர் எழுதியதையும் அதை வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஆகவே என் குறிப்பில் முதலில் எழுதியது இதுதான்: மதம் இல்லாத புத்தகம் என்பதால் மட்டும் அது சாயாத புத்தகம் ஆகிவிடாது. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற புத்தகம் வேண்டும்.

சோதித்துப் பார்க்க நம் மயிலாப்பூரே போதும். பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது. அதைப் போர்ச்சுகீசியர் இடித்தார்கள் என்பார்கள், கடல் கொண்டது என்றும் சொல்வார்கள். சாந்தோமில் புனித தோமாவின் கல்லறை இருப்பதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். இப்போது நாம் பார்க்கும் தேவாலயக் கட்டடம் 1896-ல் முடிந்தது. நேமிநாதர் கோயில் ஒன்று இங்கே இருந்தது, சிலை மேல்சித்தாமூருக்குப் போய்விட்டது என்று சமணர்கள் சொல்வார்கள். ஒரே கடற்கரைக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். நல்ல புத்தகம் மூன்றையும் சொல்லும். எது கல்வெட்டில் இருக்கிறது, எது செவிவழி, எது பின்னால் எழுதியது என்று பிரித்தும் காட்டும். ஒன்றை மட்டும் சொல்லி மற்ற இரண்டை விட்டால், அது எந்தப் பக்கத்துப் புத்தகமானாலும் வேண்டாம்.

பாடப்புத்தகத்துக்கு நடக்கும் சண்டையும் புதிதல்ல. ஆர்.எஸ்.சர்மா என்.சி.இ.ஆர்.டி.க்கு எழுதிய பண்டைய இந்தியா புத்தகத்தை ஜனதா ஆட்சியில், 1978-ல், பாடத்திலிருந்து எடுத்தார்கள். 2002-ல் புதுப் புத்தகங்கள் வந்தன. ஆட்சி மாறியதும் அவையும் போய் வேறு வந்தன. 2023-ல் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடம் போயிற்று. ஒரே வருஷத்துப் புத்தகத்தை மட்டும் நம்பினால் அந்த வருஷத்து அரசாங்கத்தைத்தான் படிப்போம்.

கடைசியில் நான் சிபாரிசு செய்தது இது. பரீட்சைக்கு என்.ஐ.ஓ.எஸ். புத்தகம், மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் என்.சி.இ.ஆர்.டி.யின் 'தீம்ஸ் இன் இந்தியன் ஹிஸ்டரி' மூன்று பாகமும், குறைப்பதற்கு முந்தைய பதிப்பு. லஸ்ஸில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. கல்வெட்டு, பயணக் குறிப்பு, கடிதம் என்று ஆதாரத்தையே எடுத்துப் போட்டுப் படிக்கச் சொல்லும் புத்தகம் அது. தெற்கத்திச் சரித்திரம் அதில் குறைவு என்பதால் நீலகண்ட சாஸ்திரியின் தென்னிந்திய வரலாறு. 1955-ல் வந்தது, பழசுதான், ஆனால் எதை எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லிவிடுவார். உறவினர் அனுப்பிய பி.டி.எஃப்.பையும் நான் அழிக்கச் சொல்லவில்லை. அதில் ஒரு அத்தியாயத்தை எடுத்து, எங்கே ஆதாரம் இருக்கிறது, எங்கே இல்லை என்று ஓரத்தில் குறி போடச் சொன்னேன். பேத்தி பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள்.

போன சனிக்கிழமை அவளைக் கபாலி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மனைவியும் வந்தாள். பூம்பாவை சன்னதியில் நின்றபோது பேத்தி கேட்டாள்: "தாத்தா, எலும்பிலிருந்து பொண்ணு வந்தது சரித்திரமா?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"அது நம் நம்பிக்கை. ஆனா சம்பந்தர் அந்தப் பதிகத்தில் மயிலையில் நடந்த திருவிழாவையெல்லாம் வரிசையாகச் சொல்றார். ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊர் எப்படி இருந்ததுன்னு அதில் தெரியும். அது சரித்திரம்" என்றேன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. விபூதியை எடுத்து முதலில் பேத்திக்கு இட்டாள். பிறகு எனக்கும் இட்டாள்.